கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் டேட்டாபேஸோடு இணையவில்லையா? இந்த வரிசையில் தேடிப் பாருங்கள்

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மாதக் கடைசியில், தரவைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். மறுநாள் காலையில், அந்தத் தரவை எடுத்து அறிக்கையாகக் காட்டும் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் சம்பளப் பட்டியல் ரிப்போர்ட்டைத் திறந்தால் ‘ஃபெயில்ட் டு ஓபன் த கனெக்‌ஷன்’ என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அந்த ரிப்போர்ட்டுகளை வடிவமைத்தவர் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது, எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லை, கணக்குப் பிரிவில் பணம் போடக் காத்திருக்கிறார்கள். மூன்று நாள் போராடித்தான் சரிசெய்தேன். இப்போது அதே கோளாறு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும். அந்த வரிசைதான் இது. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், எஸ்க்யூஎல் சர்வர், விண்டோஸ் மூன்றையும் வைத்து எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எனக்குக் கைப்பழக்கம் அதில்தான். புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், செய்ததைக் குறித்து வையுங்கள். பதற்றத்தில் டிரைவர், லாகின், சர்வர் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன், கடைசியில் எது சரியாக இருந்தது, எதை நான் கெடுத்தேன் என்பதே தெரியாமல் போனது. மூன்று நாளில் ஒரு முழுநாள் இதிலேயே கழிந்தது.

1. கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: சர்வரின் பெயர், இன்ஸ்டன்ஸ் (ஒரே கணினியில் தனித்தனியாக ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்களில் ஒன்று) பெயர் இருந்தால் அது, போர்ட் எண் (சர்வர் காத்திருக்கும் வாசலின் எண்), டேட்டாபேஸின் பெயர், எந்த லாகின், அது விண்டோஸ் லாகினா (விண்டோஸில் நுழைந்த கணக்கே) எஸ்க்யூஎல் லாகினா (சர்வருக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும்). அப்புறம் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் எந்தப் பதிப்பு, ரிப்போர்ட் ஓடிபிசி வழியாகப் போகிறதா ஓஎல்இ டிபி வழியாகப் போகிறதா (இரண்டும் டேட்டாபேஸோடு இணையும் வழிகள்), எந்த டிரைவர் (அந்த இணைப்பை நடத்தும் சிறு மென்பொருள்), அதன் பதிப்பு எண் என்ன.

பாதி விவரம் ரிப்போர்ட்டுக்குள்ளேயே கிடைக்கும். டேட்டாபேஸ் மெனுவில் ‘செட் டேட்டாசோர்ஸ் லொகேஷன்’ திறந்து, மேல் பகுதியில் கனெக்‌ஷனுக்குக் கீழே உள்ள ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியை விரித்தால் சர்வர், டேட்டாபேஸ், பயனர் பெயர் எல்லாம் தெரியும். பாஸ்வேர்டு தெரியாது. கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் பாஸ்வேர்டை ரிப்போர்ட் கோப்பில் சேமிப்பதில்லை, அதனால் அது டேட்டாபேஸ் நிர்வாகியிடம் கேட்டு வாங்க வேண்டியதுதான். மீதி விவரத்துக்கும் அவரிடமே போக வேண்டியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொரு பதிலுக்கும் அரை நாள் போனது.

ரிப்போர்ட் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

2. திரையில் தெரிவது இன்றைய கணக்கா என்று பாருங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் என்னை நன்றாக ஏமாற்றியது. ஃபைல் மெனுவில் ‘சேவ் டேட்டா வித் ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டு. அது டிக் ஆகியிருந்தால் கடைசியாக எடுத்த தரவும் கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படும். டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் ரிப்போர்ட் அழகாகத் திறக்கும், எண்கள் எல்லாம் இருக்கும், ‘சரியாகிவிட்டது’ என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவீர்கள். எஃப்5 அழுத்திப் புதுப்பித்துப் பார்த்த பிறகே எந்த முடிவுக்கும் வாருங்கள். தேடும் வேலை முடியும்வரை அந்த டிக்கை எடுத்துவிடுவது நல்லது.

3. பிழைப் பெட்டியைக் கடைசி வரிவரை படியுங்கள்

பெட்டியின் முதல் வரி பொதுவானது, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 80004005 என்று முடியும் எண்ணும் அப்படித்தான், ஏதோ தவறு என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. அதைத் தேடிக்கொண்டு போனால் நூறு விதமான தீர்வுகள் கிடைக்கும், தொண்ணூற்றொன்பது உங்களுக்குப் பொருந்தாது. அடியில் ‘டேட்டாபேஸ் வெண்டார் கோட்’ என்று ஒரு எண் இருக்கும், சில சமயம் அதற்கு மேலே ஐஎம் என்று தொடங்கும் குறியீடும் இருக்கும். இவைதான் முக்கியம்.

எண் 18456 என்றால் சர்வர்வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், உள்ளே விடவில்லை. லாகின் பிரச்சினை, படி 7-க்குப் போகலாம். 4060 என்றால் லாகின் சரி, நீங்கள் கேட்ட டேட்டாபேஸ் அங்கே இல்லை அல்லது அந்த லாகினுக்கு அதில் அனுமதி இல்லை. 53, 17, 26 இவற்றில் ஒன்று என்றால் சர்வரையே எட்டவில்லை, படி 4. ஐஎம்002 என்றால் அந்தப் பெயரில் டிஎஸ்என் (சர்வர், டிரைவர் விவரங்களை ஒரு பெயரில் சேமித்து வைக்கும் ஓடிபிசி அமைப்பு) கிடைக்கவில்லை, ஐஎம்014 என்றால் டிஎஸ்என் இருக்கிறது, ஆனால் 32 பிட், 64 பிட் பொருந்தவில்லை. இரண்டுக்கும் படி 5. சான்றிதழ், நம்பிக்கை என்ற பொருளில் நீளமாக ஏதாவது வந்தால் படி 6.

பெட்டியைப் படம் பிடித்து வையுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது ‘லாகின் ஆகமாட்டேங்குது’ என்று சொல்வதைவிட அந்தப் படம் பத்து மடங்கு பயன்படும்.

4. ரிப்போர்ட்டை மூடிவிட்டு, சர்வர் கிடைக்கிறதா என்று பாருங்கள்

பிங் வேலை செய்கிறது என்பதால் டேட்டாபேஸ் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், பிங் தொடுவது கணினியை மட்டும்தான். எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாகக் காத்திருப்பது டிசிபி போர்ட் 1433-இல். பவர்ஷெல்லைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்குச் சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். ‘டிசிபி டெஸ்ட் சக்சீடட்’ என்ற வரியில் ‘ட்ரூ’ வந்தால் பாதை திறந்திருக்கிறது. ‘ஃபால்ஸ்’ வந்தால் ரிப்போர்ட்டில் நீங்கள் எதை மாற்றினாலும் வேலைக்காகாது, இங்கேயே நின்று சரிசெய்ய வேண்டும்.

அடைபட்டிருந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான். ஃபயர்வாலில் 1433-க்கு அனுமதி இல்லை. அல்லது சர்வரில் டிசிபி/ஐபி அணைந்திருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவினால் அது அணைந்த நிலையில்தான் வரும், ‘எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்’ திறந்து இயக்க வேண்டும், இயக்கிய பிறகு எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். மூன்றாவது காரணம், பெயர் வைத்த இன்ஸ்டன்ஸ். அதற்கு வேறு ஏதாவது போர்ட் கிடைத்திருக்கும், சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்போது அது மாறவும் கூடும். அந்த எண்ணைக் கேட்டால் சொல்வது ‘எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர்’ என்ற தனி சர்வீஸ், அது யூடிபி 1434-இல் இருக்கிறது. அது ஓடவில்லை என்றாலோ, அந்தப் போர்ட்டை ஃபயர்வால் மறித்தாலோ பிழை 26 வரும். நிர்வாகியிடம் சொல்லி அந்த இன்ஸ்டன்ஸுக்கு நிலையான ஒரு போர்ட் எண்ணைக் கொடுக்கச் சொல்வது எனக்குப் பிடித்த வழி. அப்போது சர்வர் பெயர், காற்புள்ளி, போர்ட் எண் என்று எழுதினால் போதும், இன்ஸ்டன்ஸ் பெயரோ பிரவுசரோ தேவையில்லை. காற்புள்ளி என்பதைக் கவனியுங்கள். மற்ற இடங்களில் போடும் பழக்கத்தில் முக்காற்புள்ளி போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விபிஎன் வழியாக வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்றால் சர்வரின் சுருக்கப் பெயர் பலிக்காமல் போகலாம். டொமைனோடு சேர்த்து முழுப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

5. 32 பிட்டா, 64 பிட்டா

எனக்கு அதிக நேரம் தின்றது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் 2016 வரைக்கும் டிசைனர் (ரிப்போர்ட்டை வடிவமைக்கும் நிரல்) 32 பிட் மென்பொருள். 2020 பதிப்பிலிருந்து 64 பிட். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருப்பதால் மட்டும் எல்லாம் 64 பிட் என்று ஆகிவிடாது. 32 பிட் மென்பொருள் 32 பிட் டிரைவரையும் 32 பிட் டிஎஸ்என்னையும் மட்டும்தான் பயன்படுத்த முடியும், 64 பிட்டுக்கு 64 பிட். உங்களுடையது எது என்று சந்தேகமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், 32 பிட் என்றால் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகத்துக்கு இரண்டு தனித்தனி நிரல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்றே, ஓடிபிசிஏடி32. இருக்கும் இடம்தான் வேறு. எல்லோரையும் குழப்புவது இந்த இடம்: சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குள் இருப்பது 32 பிட். பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், ஆனால் இதுதான் சரி. ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தட்டினால் இரண்டும் பிட் எண்ணோடு வரும், அப்படித் திறப்பதுதான் பாதுகாப்பு.

நான் 64 பிட் நிர்வாகத்தில் டிஎஸ்என் உருவாக்கி, ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தி, வெற்றி என்று வந்ததும் கனெக்‌ஷன் நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். என் டிசைனர் 32 பிட். அந்த டிஎஸ்என் அதன் கண்ணுக்கே தெரியாது. 32 பிட் நிர்வாகத்தில் அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கியதும் இரண்டாம் நாள் மாலையில் முதல் தடை நீங்கியது.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. யூசர் டிஎஸ்என் உருவாக்கினால் அது இரண்டு நிர்வாகத்திலும் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் டிரைவர் ஒரு பிட்டுக்கு மட்டும் உரியதாக இருந்தால் ஐஎம்014 வரும். அதோடு யூசர் டிஎஸ்என் உங்கள் விண்டோஸ் கணக்குக்கு மட்டுமானது, வேறு யாரும் நுழைந்தால் இருக்காது. எப்போதும் சிஸ்டம் டிஎஸ்என் உருவாக்குங்கள். முடிந்தால் 32, 64 இரண்டிலும் ஒரே பெயரில், ஒரே அமைப்புகளோடு வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஓடிபிசி டிரைவரை 64 பிட் நிறுவியில் நிறுவினால் இரண்டு பிட் டிரைவரும் சேர்ந்தே வந்துவிடும், தனியாகத் தேட வேண்டியதில்லை.

6. டிரைவர் 18 கேட்கும் சான்றிதழ்

டிஎஸ்என் சரியானதும் எனக்கு அடுத்த பிழை வந்தது: சான்றிதழை வழங்கியவரை நம்ப முடியவில்லை என்று. புதிய கணினி என்பதால் புதிய டிரைவரை நிறுவியிருந்தேன். மைக்ரோசாஃப்ட் ஓடிபிசி டிரைவர் 18, 2022-இல் வந்தது. டிரைவர் 17 வரை கனெக்‌ஷனை மறையாக்கம் (என்க்ரிப்ட்) செய்யலாமா என்பது நம் விருப்பம், 18-இல் நாம் அணைக்காதவரை அது தானாகவே நடக்கும். அதனால் சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழை அது சோதிக்கிறது. சர்வர் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழாக இருந்தால் நிராகரித்துவிடுகிறது.

டிஎஸ்என் அமைப்பில் ‘ட்ரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட்’ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் உடனே இணைந்துவிடும். காரணம் இதுதானா என்று உறுதிப்படுத்த அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். மறையாக்கம் நடக்கும், ஆனால் மறுமுனையில் இருப்பது உண்மையில் உங்கள் சர்வர்தானா என்ற சோதனை போய்விடும். சம்பளக் கணக்கு ஓடும் கனெக்‌ஷனில் அது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் கணினிகள் நம்பும் சான்றிதழ் ஒன்றைச் சர்வரில் நிறுவச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள், வந்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் டிஎஸ்என்னில் நீங்கள் எழுதும் சர்வர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி எண்ணை எழுதினால் பெரும்பாலும் பொருந்தாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். விண்டோஸோடு வரும் ‘எஸ்க்யூஎல் சர்வர்’ என்ற மிகப் பழைய டிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்தால், சர்வரில் பழைய மறையாக்க முறையான டிஎல்எஸ் 1.0-ஐ அணைத்த நாளில் ‘எஸ்எஸ்எல் செக்யூரிட்டி எரர்’ வரும். அப்போது டிரைவரை மாற்றுவதுதான் வழி.

7. லாகின்

18456 வந்தால் உங்கள் திரையில் காரணம் சொல்லமாட்டார்கள், அது வேண்டுமென்றே மறைக்கப்பட்டது. உண்மையான காரணம் சர்வரின் எரர் லாகில் ‘ஸ்டேட்’ என்ற எண்ணாக இருக்கும். நிர்வாகியிடம் நீங்கள் முயன்ற நேரத்தை நிமிடத்தோடு சொல்லி அந்த எண்ணைக் கேளுங்கள். 5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தவறு. 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும்படி இருக்கிறது, நீங்கள் எஸ்க்யூஎல் லாகினோடு போயிருக்கிறீர்கள். இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை.

சர்வர் மாற்றிய பிறகு வருவது ஒன்று தனியாக உண்டு. பேக்கப்பைப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்யும்போது டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசர் வந்துவிடுவார், ஆனால் சர்வர் அளவில் இருக்கும் லாகின் வராது. அதே பெயரில் லாகினைப் புதிதாக உருவாக்கினாலும் உள்ளடையாள எண் வேறாக இருப்பதால் இரண்டும் சேராது. பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் 4060 வருகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். யூசரை லாகினோடு மறுபடி இணைக்க ஒரே வரி கட்டளை போதும், நிர்வாகிக்கு அது தெரிந்திருக்கும்.

அவசரத்தில் எல்லா அதிகாரமும் உள்ள ‘எஸ்ஏ’ லாகினைக் கேட்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரிப்போர்ட்டுக்குத் தேவை படிக்கும் அனுமதி மட்டும், ஸ்டோர்டு புரோசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்த நிரல்) இருந்தால் அதை இயக்கும் அனுமதி. இந்த இரண்டாவதைக் கேட்க மறப்பவர்கள் நிறைய.

8. ரிப்போர்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் பழைய முகவரி

இப்போதுதான் ரிப்போர்ட்டுக்குள் போகிறோம். ‘செட் டேட்டாசோர்ஸ் லொகேஷன்’ திறந்து, மேலே பழைய கனெக்‌ஷனையும் கீழே புதியதையும் தேர்ந்தெடுத்து ‘அப்டேட்’ அழுத்துங்கள். பிறகு ‘வெரிஃபை டேட்டாபேஸ்’. இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டுக்குள் வைத்த சின்ன ரிப்போர்ட்டான சப்ரிப்போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனி கனெக்‌ஷன் உண்டு, அதே சாளரத்தில் கீழே தனியாக இருக்கும், ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். எங்கள் சம்பளப் பட்டியலில் பிடித்தம் காட்டும் சப்ரிப்போர்ட் மட்டும் பழைய சர்வரையே தேடிக்கொண்டிருந்தது. முதல் பக்கம் வந்தது, இரண்டாம் பக்கத்தில் பிழை.

அதையும் மாற்றியும் பழைய டேட்டாபேஸ் பெயர் பிழையில் வந்தால் டேபிளின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஓவர்ரிடன் குவாலிஃபைட் டேபிள் நேம்’ என்ற இடத்தைப் பாருங்கள், யாராவது முன்பு அங்கே முழுப் பெயரையும் எழுதி வைத்திருப்பார்கள். ‘கமாண்ட்’ முறையில், அதாவது எஸ்க்யூஎல் கட்டளையைக் கையால் எழுதிச் செய்த ரிப்போர்ட் என்றால் அந்த எஸ்க்யூஎல் வரிகளுக்குள்ளேயே பழைய பெயர் இருக்கலாம்.

9. செலவு, நேரம்

பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் நல்ல செய்தி. ஓடிபிசி டிரைவர், சோதனைக்கான எக்ஸ்பிரஸ் பதிப்பு, எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ, கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸின் ரன்டைம் (வடிவமைத்த ரிப்போர்ட்டை ஓட்ட மட்டும் உதவும் பகுதி) எல்லாம் இலவசம். டிசைனருக்கு மட்டும் உரிமம் வேண்டும், 30 நாள் சோதனைப் பதிப்பு கிடைக்கும். ‘புதுப் பதிப்பு வாங்கினால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். 2016-இலிருந்து 2020-க்குப் போனால் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகிறீர்கள், டிஎஸ்என் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும். தெரியாமல் செய்தால் இருக்கும் கோளாறோடு இன்னொன்று சேரும்.

நேரத்தைப் பொறுத்தவரை படி 2-இலிருந்து 5 வரை எனக்கு இப்போது அரைமணி நேரம்தான். டிசிபி/ஐபி இயக்குவது, எஸ்க்யூஎல் லாகினை அனுமதிப்பது இரண்டுக்கும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அந்த நேரத்தில் எல்லோருடைய வேலையும் அறுந்துபோகும், ஆகவே அலுவலகம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கும் ஃபயர்வாலுக்கும் வேறு பிரிவின் ஒப்புதல் தேவைப்படும், எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. சர்வர் மாற்றம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்த இரண்டையும் ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள், மாதத்தின் கடைசி மூன்று நாளில் எதையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

10. உங்கள் கணினியில் வருகிறது, பயன்படுத்துபவருக்கு வரவில்லை

டிசைனரில் ஓடிவிட்டால் வேலை முடியவில்லை. ரிப்போர்ட் உண்மையில் ஓடுவது வேறு கணினியில், வேறு கணக்கின் பெயரில். இணையச் செயலி வழியாக ஓடினால் அந்தச் சர்வரிலும் டிரைவர் வேண்டும், சிஸ்டம் டிஎஸ்என் வேண்டும், கிரிஸ்டல் ரன்டைம் அதே பிட்டில் வேண்டும். விண்டோஸின் இணையச் சர்வரான ஐஐஎஸ்-இல் அப்ளிகேஷன் பூலின் (செயலி ஓடும் தனிப் பகுதி) அமைப்பில் ‘எனேபிள் 32-பிட் அப்ளிகேஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அது ட்ரூ என்றால் 32 பிட் ரன்டைம், ஃபால்ஸ் என்றால் 64.

விண்டோஸ் லாகின் வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்கள் கணினியில் உங்கள் பெயரில் உள்ளே போனது, அங்கே அப்ளிகேஷன் பூலின் பெயரில் போகும். இயல்பான அமைப்பில் விட்டிருந்தால் டேட்டாபேஸ் சர்வருக்கு அது அந்தக் கணினியின் கணக்காகத் தெரியும், எரர் லாகில் கணினிப் பெயருக்குப் பின்னால் டாலர் குறி போட்டு வரும். அதைப் பார்த்து யாரோ ஊடுருவப் பார்க்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம், அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுத்தால் சரி, அல்லது பூலுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை வைக்கலாம். எஸ்க்யூஎல் லாகின் என்றால் செயலிதான் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும், சப்ரிப்போர்ட்டுகளுக்கும் சேர்த்து. நிரல் எழுதியவரிடம் அதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கடைசியாக, பயன்படுத்துபவரின் கணினிக்கே போய், அவருடைய கணக்கிலேயே, கடைசிப் பக்கம்வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு படி 1-இல் எழுதிய தாளைத் திருத்தி, ரிப்போர்ட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரிலேயே பாஸ்வேர்டு இல்லாமல் சேமித்து வையுங்கள், உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு அது கிடைக்கட்டும்.